வரம்புக்குள்

வாளையாறு பாலத்துக்கு முந்தைய வளைவில்
என் ஆம்னி வேன் நிற்கிறது.
நாலு சக்கரமும் காற்றிறங்கி மூன்று வருடம்.
பக்கவாட்டில் பச்சை எழுத்து:
புகைப் பரிசோதனை நிலையம்.
அதன் கீழே சின்னதாக, ஐந்து நிமிடம் போதும்.

காலையில் இயந்திரத்தைப் போட்டதும்
முதலில் அது கொஞ்சம் வெளிக்காற்று கேட்கும்.
குழாயைச் சன்னலுக்கு அப்பால் நீட்டுவேன்.
உறிஞ்சும், யோசிக்கும்,
எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் காட்டும்.
அப்புறம்தான் முதல் வண்டி.

இன்று முதல் வண்டி பௌலோஸின் ஈக்கோ.
பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றுகிறவர்.
சித்திரை பிறந்தால்
தட்டுக்கு நாலு முட்டை கெட்டுவிடுகிறதாம்,
போன வருடம் இரண்டுதானாம்.
சொல்லிக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தார்.
சைலன்சருக்குள் கம்பியை விட்டுக் காத்திருந்தேன்.

கார்பன் மோனாக்சைடு: வரம்புக்குள்.
ஹைட்ரோகார்பன்: வரம்புக்குள்.
கார்பன் டை ஆக்சைடு: பதினாலு புள்ளி ஆறு சதவீதம்.
அனுமதி வரம்பு என்ற இடத்தில்
ஒரு கோடு.

"இதுக்கு மட்டும் எந்தா சேச்சி, கோடு?"
அதுக்கு வரம்பு இல்லீங்க.
"எத்தனை வேணும்னாலும் விடலாமா?"
விடலாம்.
"பின்னே எதுக்கு அளக்கறது?"

பிரிண்டர் அப்போதுதான் தாளைக் கடித்தது.
நல்லவேளை.

மதியம் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்,
சிமெண்டுத் தூசி இயந்திரத்துக்கு ஆகாது.
வெயில் கண்ணாடி வழியே
ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே வருகிறது.
ரெக்சின் சீட்டைத் தொடுகிறது, ரசீதுப் புத்தகத்தை,
என் முழங்கையை, டிபன் பாக்ஸ் மூடியை.
திரும்பிப் போக எழுந்தபோது
அது வேறு சட்டை போட்டிருக்கிறது.
கண்ணாடிக்கு அடையாளம் தெரியவில்லை.
இறங்கு, பேப்பரைக் காட்டு, ஓரமாக நில் என்கிறது.
உள்ளேயே நின்று நின்று
என் கழுத்து வழியாக வழிகிறது.

எனக்கு இது புதிதில்லை,
இருபத்தியொரு வருடம் செக்போஸ்ட்டைப் பார்த்து உட்கார்ந்தவள்.
வரும்போது கைகாட்டி அனுப்பிவிட்டு
போகும்போது மறிப்பதுதான் அவர்கள் வழக்கம்.
வானத்திலும் அப்படி ஒன்று இருக்கிறதென்று
மகள் பாடப்புத்தகத்தில் படம் காட்டினாள்:
வளைந்து மேலே போகும் அம்புகள்,
பாதியில் திரும்பி இறங்கும் அம்புகள்.
காவலுக்கு ஆள் எங்கிருந்து போகிறது என்று
அந்தப் படத்தில் இல்லை.

தினம் நாற்பது வண்டி.
ஒவ்வொன்றும் யோக்கியமான வண்டி.
முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு,
ஆறு மாதத்துக்குச் செல்லும் என்று
நான்தான் அனுப்பிவைக்கிறேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
கயிற்றை இழுத்தேன்,
ஜெனரேட்டர் இருமி, துப்பி, ஓடியது.
அதன் புகையை நான் சோதித்ததில்லை.
கேட்க வந்தவரும் இல்லை.
அதன் தயவில்தான்
பின்னால் வந்த பன்னிரண்டு வண்டியும் தேறின.

கணவாய்க் காற்று இந்த ஆனியில்
பதினெட்டாம் தேதிவரை வரவேயில்லை.
வந்தபோதும் சாரல் கொண்டுவரவில்லை,
கஞ்சிக்கோட்டு இரும்பாலை வாசனைதான் வந்தது.
இங்கிருந்து என்ன அங்கே போகிறது என்று
அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இயந்திரத்தைச் சர்வீஸ் செய்ய வந்த பையன் ஆரோக்கியதாஸ்
ஸ்பேனரைத் துடைத்தபடி போகிறபோக்கில் சொன்னான்:
"அக்கா, இதுக்கு நல்ல காத்து கெட்ட காத்து தெரியாது.
காலையில நீங்க குடுக்கறீங்கல்ல,
அதைத்தான் பூஜ்யம்னு நம்பும்."

நாளைக்கும் குழாயை நீட்டுவேன்.
லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும்,
உள்ளே ஏசியில் டிரைவர்கள் தூங்குவார்கள்.
அது உறிஞ்சும், யோசிக்கும்.

நேற்றைய பூஜ்யத்தின் மேல்
இன்றைய பூஜ்யத்தை வைக்கும்.