நூற்றெட்டு

சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் கால்பந்து ஆடினார்கள்.
முட்டி தேய்ந்தவர்கள் கிரிக்கெட் பேசினார்கள்.
அப்பாவுக்கு மட்டும் பேஸ்பால்.

டர்பன் துறைமுகம், சர்க்கரைக் கிடங்கு, இரவு ஷிப்ட்.
அறுபத்து இரண்டிலோ மூன்றிலோ
எந்த நாட்டுக் கப்பல்காரனோ
ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு
இந்தப் பந்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான்.
பாதி விதிகளை அவன் சைகையில் சொன்னான்.
மீதியை அப்பாவே கண்டுபிடித்தார்.
வெகுகாலம் கழித்து ஒரு விதிப்புத்தகம் கிடைத்தபோது
புரட்டிப் பார்த்து,
புத்தகத்தில் சில தப்புகள் இருப்பதாகச் சொன்னார்.

கேட்டோ மேனரிலிருந்து எங்களைப் பெயர்த்து
லாரியில் ஏற்றிய அன்று
அவர் மடியில் இருந்தவை இரண்டு:
அண்ணன் மார்கன்
(முருகன் என்றுதான் அப்பா சொன்னாராம்,
பதிவாளர் காதில் அப்படி விழுந்தது),
அண்ணன் கையில் இந்தப் பந்து.

பேவியூ சரிவு, மைதானம் என்று சொல்ல முடியாது.
முதல் தளம் மேட்டில்,
மூன்றாவது சாக்கடையோரம்.
ஒன்பது பேர் வேண்டும்; ஏழுக்கு மேல் சேர்ந்ததே இல்லை.
எட்டாவது மார்கன்.
ஒன்பதாவது நான்,
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

தமிழ்ப் பள்ளி கேசவலு சார் ஒரு நாள்
வேலியோரம் நின்று பார்த்துவிட்டு,
"அறம், பொருள், இன்பம், வீடு!
இதுதானேய்யா உன் நாலு தளமும்?" என்றார்.
"எங்க சார், பொருள்லயே நான் அவுட்டு"
என்றார் பூபாலன் மூட்லி, என் அப்பா.

பொய்யில்லை.
சம்பளக் கவர் பிரிக்காமலே அம்மா கைக்கு வரும்.
பஸ் காசையும் ரேடியோ பேட்டரிக் காசையும்
அதிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்வார்.
ஷிப்ட் இல்லாத இரவுகளில், இரண்டு மணிக்கு,
கடலுக்கு அந்தப்புறத்து ஆட்டம்
கரகரவென்று சிற்றலையில் வரும்.
நாங்கள் விழித்துவிடக் கூடாதென்று
ரேடியோவோடு போர்வைக்குள் புகுந்துகொள்வார்.
சுவரைத் தாண்டிக் கேட்கும்:
"ஓடு... ஓடு... அய்யோ, ஓடுடா."

ஜோஹானஸ்பர்க்கில் ஒரு போட்டி.
வாழ்நாளில் ஒரே ஒரு அழைப்பு.
சட்டை தைத்தாகிவிட்டது, பஸ் வாசலில் நிற்கிறது.
அன்று விடியலில் தேவகிக்கு அம்மை.
அப்பா பஸ்ஸுக்குக் கையசைத்துவிட்டு
வேப்பிலைக்குப் பதிலாக
சிரிங்கா இலை ஒடிக்கப் போனார்.
அந்தச் சட்டையை
அப்புறம் தோட்ட வேலைக்குத்தான் போட்டார்.

எழுபத்தொன்பதில் பந்து பிளந்தது.
அம்மா பகலெல்லாம் ஆலையில்
ஊரார் சட்டைக்குக் காலர் தைப்பவள்.
அன்றிரவு சிவப்பு நூலை மெழுகில் இழுத்து,
இரண்டு ஊசி கோத்து,
அந்தக் கிழத் தோலை மறுபடி மூடினாள்.
விடியும் நேரம்.
அப்பா விளக்கடியில் உட்கார்ந்து
தையல் தையலாக விரலால் தொட்டு எண்ணினார்.
"நூற்றெட்டு. கப்பல்காரன் கொடுத்தப்ப இருந்த அதே கணக்கு.
அர்ச்சனையே பண்ணலாம்!"
பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போன ஜூலையில், கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில்,
பெட்டியை மூடுவதற்கு முன்
மார்கன் அதை அப்பாவின் கைக்குள் வைத்தான்.
அம்மா எடுத்துவிட்டாள்.
"இது என் தையல்" என்றாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறாம் நாளும் முடிந்தது.
வாடகை நாற்காலிகள் போய்விட்டன.
நான் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அம்மா அடுப்படி மேசையில்
பந்தை நகத்தால் நெருடிக்கொண்டே,
என்னிடமா, அதனிடமா தெரியவில்லை:

"நூத்தி ஆறுதான்.
நூல் தீந்துபோச்சு அன்னிக்கி.
கடைசியில இழுத்துப் பிடிச்சு
முடிச்சுப் போட்டுட்டேன்.
அந்த மனுசன் என் கண்ணு முன்னாடி
விளக்கடியில வச்சு எண்ணினாரு.

ரெண்டு தரம் எண்ணினாரு.
ரெண்டு தரமும் நூத்தெட்டுன்னாரு."