மோட்டார் நின்ற ஓடை

லைப்சிக்கிலிருந்து வோல்க்மார் பட்டியல் அனுப்பியிருந்தார்:
கார்டினல் டெட்ரா நாற்பது,
குள்ள சிக்லிட் ஒரு சோடி.
அதுவரை சரி.
அப்புறம்,
அதே ஓடையின் மணல் இரண்டு கிலோ,
அதே ஓடையின் சருகு,
அதே ஓடையின் செடிகள்.
"கண்ணாடிக்குள் எனக்கு ஓர் உண்மையான இடம் வேண்டும்."

ஜொஸுவே படகு விளிம்பில் உட்கார்ந்து சிரித்தான்.
"சருகுக்குக் காசா, டோர்வலினா?
காட்டையே பெருக்கி அனுப்பலாமே."

பார்செலோஸ் துறையிலிருந்து நான்கு மணி நேரம்.
ரியோ நெக்ரோ வடிந்துகொண்டிருந்த மாதம்.
போன வெள்ளம் மரங்களில் விட்ட கோடு
என் தலைக்கு மேலே
இரண்டு ஆள் உயரத்தில்.
ஒரு சின்ன வாய்க்காலுக்குள் திரும்பினோம்,
மோட்டார் இருமிற்று, நின்றது.
ஜொஸுவே அதன் தாயைத் திட்டினான்.
நான் வலையோடு இறங்கினேன்.

கொதித்துக் கொதித்துச் சுண்டிய தேநீர் நிறத் தண்ணீர்.
முழங்கால் வரை என் கால் செம்பு.
அதற்குக் கீழே நான் இல்லை.

சருகு மெத்தைக்கு அடியில் வலையைச் செருகி
துடுப்பால் தண்ணீரைத் தட்டினால்
வருகிறார்கள்,
நீலக்கோடு நீலக்கோடாக,
யாரோ இருட்டில் தீக்குச்சி உரசுவது போல.
நாற்பது எண்ண நேரமாகாது.

சிக்லிட்டுக்குத்தான் தாமதம்.
முதலில் அகப்பட்டவள் உடம்பெல்லாம் மஞ்சள்.
மஞ்சள் என்றால் ஏதோ ஓர் இலைக்கடியில்
குஞ்சுகள் இருக்கின்றன என்று பொருள்.
எந்த இலை என்று எனக்கெப்படித் தெரியும்?
எடுத்த இடத்துக்குக் கிட்டத்தில் விட்டேன்.
வேறொரு சோடி கிடைக்கும்வரை
ஜொஸுவே மோட்டாரைக் கழற்றினான், பூட்டினான்,
மறுபடி கழற்றினான்.

செடி?
ஒரு மணி நேரம் துழாவினேன்.
வெளிச்சம் இறங்காத தண்ணீரில் என்ன முளைக்கும்?
கடைசியில் ஒன்று, என் விரல் நீளம்,
இரண்டே இலை, மூழ்கியபடி, பச்சையாக.
எத்தனை மாதமாய் மூச்சை அடக்கி நின்றதோ.
ஆறு இன்னும் ஒரு சாண் இறங்கினால்
அதன் தலை வெளியே வந்துவிடும்.
பிடுங்கவில்லை.

அன்றிரவு எழுதினேன்:
ஐயா, இங்கே தண்ணீருக்குள் செடி இல்லை.
தண்ணீருக்குள் மரம்தான் நிற்கிறது, பாதி வருஷம்.
கிளைக்கும் கிளைக்கும் நடுவே மீன் போகும்,
பழம் உதிர்ந்தால் மீன் தின்னும்.
ஒரு கன்று பார்த்தேன்.
உங்கள் கூரை எவ்வளவு உயரம்?

பதிலில் கூரையைப் பற்றி எதுவும் இல்லை.
"இலை போதும். அந்த ஓடையின் பெயர் என்ன?
தொட்டியின் மேல் எழுதி ஒட்ட வேண்டும்."

பெயர் கிடையாது.
அங்கே யாரும் குடியிருக்கவில்லை,
யாரும் யாரையும் அங்கே வரச் சொன்னதில்லை.
ஆனாலும் காசு கொடுக்கிறவர் கேட்கிறார்.
ஜொஸுவேயைப் பார்த்தேன்,
கையெல்லாம் கிரீஸ்.
"மோட்டார் நின்ற ஓடை" என்று எழுதிப்போட்டேன்.

மனாவுஸில் மணலை நிறுத்திவிட்டார்கள், சீட்டு இல்லையாம்.
மீன் போயிற்று. இலை போயிற்று.
இலைக்கு வந்த காசு மீன் காசைவிட அதிகம்.
ஜொஸுவே இப்போது சிரிப்பதில்லை,
வீட்டு வாசலில் சருகு காயவைக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது.
எங்கள் இலை, எங்கள் மீன்,
அவர் ஊர்க் கட்டடக் கடையின் மணல்.
மூலையில் ஒரு சீட்டு, ஜெர்மன் எழுத்தில்,
ஜொஸுவே அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.
கீழே ஒரு கவலை:
"நள்ளிரவில் விளக்கைப் போட்டேன்,
நீலம் போய்விட்டது,
எல்லாம் வெளிறிக் கிடக்கின்றன.
நோயா?"

தூங்குகின்றன, ஐயா.
விளக்கை அணையுங்கள்.