இருநூற்றுப் பதினைந்து

ஜூலை மாதம். கரூ பீடபூமி.
ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி
விளிம்புவரை கண்ணாடியாகிவிட்ட இரவு.
குவிமாடத்தின் பிளவைத் திறந்தால்
முதலில் உள்ளே நுழைவது வெளிச்சமல்ல, குளிர்.

நோம்வுயோ எண்களைச் சொல்லச் சொல்ல
நான் பதிகிறேன்.
வெறுங்கண்ணின் கடைசி எல்லையைவிட
நாலாயிரம் மடங்கு மங்கல்.
நிறம்: நீலம் கலந்த வெள்ளை.
தொலைவு: நூற்றைம்பது ஒளியாண்டு.
இந்த வெளிச்சம் கிளம்பியபோது
சதர்லாந்துக்கு ரயில் இல்லை.
இப்போதும் இல்லை.

கண்ணாடிக் கொட்டகைக்கு வருமுன்
கம்பளிக் கொட்டகையில் இருந்தேன், பதினோரு வருடம்.
ஒரு இழையை விரல்நுனியில் உருட்டி
பதினெட்டு மைக்ரானா, இருபத்திரண்டா என்று
சொல்லிவிடுவேன்.
முதல் தரம் என்று எழுதச் சொன்ன பொதியில்
இரண்டு என்று எழுதினேன் ஒருநாள்.
அதற்குப் பிறகுதான் இந்த வேலை.

ஆகவே அந்த நிறமாலையைப் பார்த்ததும்
விரல்தான் முதலில் யோசித்தது.
ஹைட்ரஜனின் கருங்கோடுகள்
சூரியனில் மெரினோ.
இங்கே கோணிச் சணல்.
"ஏன் இவ்வளவு தடிப்பு?" என்றேன்.
"கனம், மாக்ரீத். கனம்தான் கோட்டை அகட்டுகிறது" என்றாள்,
ரொட்டியை மென்றபடி.

பூமியளவே உருவம்.
அதற்குள் சூரியனில் பாதிக்கும் மேல்
அடைத்துக் கட்டியிருக்கிறது.
கொழுத்த உண்ணியளவு கிள்ளி எடுத்தால்
ஒரு முழுப் பொதியின் எடை.
என் கைக்கடிகாரம் அங்கே நாலு டன்.
மணி பார்க்க யாருக்குத் தெம்பிருக்கும்?

அது எரியவில்லை என்பதைத்தான்
என்னால் நம்ப முடியவில்லை.
அடுப்பு அணைந்து நாற்பது கோடி ஆண்டாயிற்றாம்.
உள்ளே கரியும் ஆக்சிஜனும்,
மேலே ஹைட்ரஜன் ஒரு தோல்.
போட்டுவைக்க விறகு இல்லை.
நாம் பார்ப்பதெல்லாம் மிச்சச் சூடு.
மிச்சமே பதினோராயிரம் பாகைக்கு மேல்;
மிச்சமே இந்த நீலம்.

அதோடு துடிக்கிறது.
நூற்றில் இரண்டு பங்கு ஏறி, இறங்கி,
மறுபடி ஏற
இருநூற்றுப் பதினைந்து வினாடி.
எங்கள் கெட்டில் கொதிக்க
இருநூற்று முப்பது.
ஒவ்வொரு கோப்பைக்கும்
பதினைந்து வினாடி வித்தியாசத்தில் தோற்கிறோம்.

இரண்டு மணி பத்துக்கு மூடுபனி
ரொக்கவெல்ட் விளிம்பில் ஏறி வந்தது,
வேலி தாண்டும் ஆடுபோல
முதலில் ஒன்று, பிறகு மொத்தமும்.
பிளவை மூடினேன்.
திரையில் வளைகோடு அறுந்து
வெற்றுத் தாள்.

நோம்வுயோ நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்,
காலுறை ஒன்று கழன்று.
ம்தன்ட்சானேயில் அவள் அம்மாவுக்கு நாளை அறுவைச் சிகிச்சை;
மாலையில் ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.
அவள் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

எனக்குச் சும்மா இருக்க வராது.
பென்சிலால் வெற்றுத் தாளின் மேல்
புள்ளி வைத்துக்கொண்டே போனேன்:
இங்கே ஏறியிருக்கும்,
இங்கே இறங்கியிருக்கும்.
பதின்மூன்று புள்ளி.
நாற்பத்தேழு நிமிடம் கழித்துப் பனி விலகியது.
கதவு உறுமித் திறந்தது.
கோடு மீண்டும் எழுந்து
பதினான்காவது புள்ளிக்கு வந்தது,
ஒரு மயிரிழை இடப்பக்கம்.
அந்த மயிரிழை என் பென்சில் முனை.

புள்ளிகளை அழித்தேன்.
பார்க்காததைப் பார்த்ததாக எழுதக்கூடாது,
எவ்வளவு சரியாக இருந்தாலும்.
பதிவேட்டில்:
மூடுபனி. 47 நிமிடம். தகவல் இல்லை.

அவள் விழித்து முதலில் போனைத் திருப்பினாள்.
பிறகு திரையை.
"எவ்வளவு போச்சு?"
"பதின்மூன்று."
"அது நிற்கவில்லையே?"
"இல்லை."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
அவள் காலுறையைத் தேடினாள்.
நான் கெட்டிலைப் போட்டேன்,
எண்ணத் தொடங்கினேன்.