காசாவில் மாறவும்

ஜவாத்,
பெட்டி கைக்கு வந்ததும் டாக்ஸிக்காரர்களைப் பார்க்காதே.
பார்த்தால் பேசுவாய், பேசினால் ஏறிவிடுவாய்.
நேராக நகரும் படிக்கு வந்து கீழே இறங்கு.
ரயில் அங்கேதான்,
விமான நிலையத்தின் வயிற்றுக்குள் நிற்கும்.

ஃபெஸ் வரைக்கும் ஒரே சீட்டாக வாங்கு.
இரண்டாம் வகுப்பு போதும்.
மாண்ட்ரியல்காரன் ஆகிவிட்டேன் என்று முதல் வகுப்பு கேட்காதே,
இரண்டிலும் ஒரே ஜன்னல்தான் திறக்காது.
சீட்டைச் சட்டைப்பையில் வை.
பர்ஸில் வேண்டாம். பர்ஸை நீ தொலைப்பாய்.

முதல் ரயில் சின்னது, அரை மணிக்குக் கொஞ்சம் மேல்.
கோதுமை வயல். பிறகு துணி காயும் மாடிகள்.
பிறகு இன்னும் மாடிகள்,
ஒரே திசையில் வாய் பிளந்த டிஷ் ஆன்டெனாக்கள்.
அப்புறம் காசா.

காசாவில் மாறவும்.
மறுபடி எழுதுகிறேன்:
காசாவில் மாறவும்.

மருந்துப் பெட்டிகளின் மேல்
'காலை ஒன்று, சாப்பிட்ட பின்' என்று
பதினேழு வருடமாக எழுதும் கை இது.
அடிக்கோடு போட்டால்தான் ஆட்கள் படிக்கிறார்கள்,
அப்படியும் மாலையில் விழுங்குகிறார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அதே மேடையில்
நீ தப்பான ரயில் ஏறினாய்.
ஜனாஸாவை அஸர் வரை நிறுத்திவைத்தோம்.
அதற்கு மேல் வெயில் விடவில்லை.
மறுநாள் நீ வந்தபோது
அம்மாவின் கபர் மேல் தெளித்த நீர் காய்ந்திருந்தது.
அலுப்பு, கண் அசந்துவிட்டேன்,
விழித்தால் மராக்கேஷ் என்றாய்.
'படித்தவனுக்குப் பலகை படிக்கத் தெரியாதா,
வர மனமில்லை என்று சொல்லட்டும்'
என்றாள் ரக்கியா சித்தி.
நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன்.
அதுதான் நான் சொன்ன பதில்.

போன செவ்வாய், கடைக்கு விடுப்பு.
உனக்கு வழி எழுத வேண்டுமே என்று
கிளம்பி விமான நிலையம் வரை போனேன்.
விமானமே ஏறாதவள்
அங்கே ஒரு காபி குடித்தேன். கொள்ளை விலை.
பிறகு கீழே இறங்கி,
பெட்டியில்லாத பயணியாக,
உன் வழியிலேயே திரும்பினேன்.

காசா.
மேடையின் இரு பக்கமும் ரயில்.
ஒரே நிறம், ஒரே நிமிடம்.
பலகையில் பாதி எழுத்து அணைந்திருந்தது.
ஒலிபெருக்கி அரபியைக் கொட்டி
அதன் மேலேயே பிரெஞ்சையும் கொட்டியது.
மாணவன் ஒருவன் கையைக் காட்டினான்,
ஏறி உட்கார்ந்தேன்.
எதிரே ஒருத்தி குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஃபெஸ்ஸுக்குத்தானே என்றேன், சும்மா, பேச்சுக்கு.
'மராக்கேஷ்' என்றாள்.

கதவு மூடத் தொடங்கியிருந்தது.
குதித்தேன்.
இடது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

ஜவாத், நான் தூங்கவில்லை.
நான் எந்தக் கடலையும் தாண்டி வரவில்லை.
எனக்கு அன்று யாரும் சாகவில்லை.
அப்படியும் என் செருப்பு மராக்கேஷுக்குப் போனது.

நாலு மணி நேரம் ஒற்றைச் செருப்பு.
ரபாத்தில் ஏறிய சிப்பாய் என் காலைப் பார்த்தான்,
பிறகு நாகரிகமாக ஜன்னலைப் பார்த்தான்.

ஆகவே:
ஏறும்முன் ஒருவரைக் கேள்.
ஏறியபின் வேறொருவரைக் கேள்.
கெனித்ரா தாண்டினால் தூங்கலாம்,
தப்பான ரயிலில் கெனித்ரா வராது.
மெக்னெஸ்ஸில் இரண்டு நிலையம்,
முதலாவதில் இறங்காதே, இரண்டாவதிலும் இறங்காதே.

செருப்புக் கதையைச் சித்தியிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே இருந்தாள், வெகுநேரம்.
பிறகு கேட்டாள்,
எத்தனை மணி ரயிலில் வருகிறான் என்று.

கிஸ்லான்

பின்குறிப்பு: சீட்டு. சட்டைப்பை.