மழையும் பொய்த்த வருடம்

கிரிஃபித்திலிருந்து பதினேழு கிலோமீட்டர்.
தபால்பெட்டியின் எண்தான் முகவரி,
அதையும் ஒரு தரம் லொறி இடித்துப்போட்டது.
நாலு பக்கமும் தோடை மரங்கள்.
பக்கத்து வீடு தெரியாது,
அந்த வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்கும்.

அங்கேதான் நாங்கள் மூன்று பேரும்
ஒரே சைக்கிளில் வளர்ந்தோம்.
கஜீபண்ணா ஓட்ட, பின்னால் நான்,
பாரில் ஆரூரன், கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு.
ஒரு நாள் அவன் பெருவிரல் கம்பிக்குள் போய்
நகம் கழன்றது.
அம்மாவுக்குச் சொன்னோம், கல் தடுக்கியது என்று.
எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கல் இருந்தது.

அந்த ஊர்க்காரர் அதை டாம் என்பார்கள்.
அப்பாவுக்கு அது குளம்.
அதன் மேட்டிலிருந்து பிரேக் பிடிக்காமல்
யார் இறங்குவது என்று பந்தயம்.
சைக்கிள் இறங்கியது.
ஆள் இறங்கவில்லை.
பழுப்புத் தண்ணீர் வாய் திறந்து மூடியது.
மூன்று குமிழி. ஆரூரன் எண்ணினான்,
எண்ணப் பழகிய புதிது.

"களவு போட்டுது" என்றான் அண்ணா.
கல்லைவிடப் பெரிய பொய்.
அப்பா ஒரு பருவம் முழுக்கப் பழம் பறித்து
வாங்கித் தந்த சைக்கிள் அது.
ஏணி ஏறிய சப்பாத்தைக் கழற்றாமலே
பொலிசுக்குப் போனார்.
தனக்குத் தெரிந்த நூறு ஆங்கிலச் சொற்களில்
எண்பதை அங்கே செலவழித்தார்.
யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டிருக்கிறார்கள்.
மிச்சமிருந்த இருபதில் ஒன்று
டாரியோ.

டாரியோ, அந்த நாயின் வீட்டுக்காரன்.
எங்களுக்கு முயல் வளை காட்டியவன்,
பள்ளி பஸ்ஸில் கடைசி இருக்கையை
எங்களுக்காகப் பையை வைத்துப் பிடிப்பவன்.
திங்கட்கிழமை முன் இருக்கையில் இருந்தான்.
செவ்வாயும்.
பிறகு நாங்கள் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

அதன் பிறகு மழையும் பொய்த்தது.
இரண்டு வருடம்.
வாய்க்கால் தண்ணீரில் எங்கள் பங்கு பாதியானது,
பிறகு கால்.
எந்த வரிசையைச் சாகவிடலாம் என்று
அப்பா மரங்களுக்கு நடுவில் நடந்து நடந்து
கணக்குப் பார்த்தார்.
குளம் ஒவ்வொரு கிழமையும் ஒரு சாண் பின்வாங்கியது.
பள்ளிவிட்டு வந்ததும் நாங்கள் அங்கே ஓடுவோம்.
பிள்ளைகளுக்கும் தண்ணீர்க் கவலை என்று
அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாராம்.

பெப்ரவரியில் ஹாண்டில் தெரிந்தது.
பியர்ப் போத்தல்கள், ஒரு டயர், கங்காரு எலும்பு,
நடுவில் அது,
சேற்றில் புதைந்த மாட்டின்
கொம்பு மட்டும் வெளியே நீட்டிய மாதிரி.
இரவு டோர்ச் அடித்துக்கொண்டு போனோம்.
இழுத்தோம். வரவில்லை.
அண்ணா அழுதான். பதினாலு வயது.
காய்ந்த களையை அள்ளிப் போட்டு மூடிவிட்டு
கால் கழுவத் தண்ணீர் இல்லாமல்
அப்படியே போய்ப் படுத்தோம்.

ஏப்ரலில் ஒரு பின்னேரம் கொட்டித் தீர்த்தது.
அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நின்று நனைந்தார்,
எங்களையும் வரச்சொல்லிக் கத்தினார்.
நாங்கள் குளத்தடியில் நின்றோம்.
களை மிதந்து போனது.
கடைசியாக மூழ்கியது மணி.

இப்போது அண்ணா பேர்த்தில், ஆரூரன் கான்பெராவில்.
மாதம் ஒரு ஞாயிறு மூன்று பேரும் போனில்.
"நீதானடி தள்ளினனீ" என்பான் அண்ணா.
எனக்கு சீட்டின் மேல் இருந்த அவன் கை
ரேகை வரைக்கும் ஞாபகம்.
ஆரூரன் சிரிப்பான்:
இல்லை, நான்தான்.
எனக்கு ஐந்து வயது,
என்னை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

அரை மணி நேரம் சண்டை பிடிப்போம்.
டாரியோவின் பெயர் வரும்போது மட்டும்
ஒருவனுக்கு சிக்னல் போய்விடுகிறது,
ஒருவனுக்குக் குழந்தை அழுகிறது,
எனக்கு
அடுப்பில் ஏதோ.