எடுத்துக்காட்டு மட்டும் நீயே போட்டுக்கோ

டுடோரியல் ஞானதிரவியம் சார்
பதினோரு பக்கம் கையெழுத்தில் கொடுத்துப் போயிருக்கிறார்.
'இலக்கியச் சொற்களும் கதைக்கூறுகளும், மாணவர் கையேடு.'
விளக்கமெல்லாம் இருக்கிறது.
எ-டு என்று எழுதிய இடத்தில் மட்டும் வெறும் கோடு.
"நேரமில்லம்மா, எதையாவது போட்டுக்கோ.
சாயங்காலம் அறுபது காப்பி வேணும்."

நான் படித்தது பி.காம்.
தட்டச்சில் மட்டும் ஹையர்.

பின்னணி: கதை நிகழும் இடமும் காலமும்.
எ-டு: பாளையங்கோட்டை, சமாதானபுரம் ஸ்டாப்புக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை. சித்திரை மாதம், பகல் பதினொன்றே முக்கால்.
ஃபேன் போட்டால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் தாளில் வேர்வை சொட்டும்.

முரண்: ஒவ்வாத இரண்டு ஓரிடத்தில் நிற்பது.
எ-டு: மேற்படி சமாதானபுரத்தில்
மூன்று ரூபாய் சில்லறைக்குக்
கண்டக்டரும் நுங்குக்காரியும்
இந்த நிமிஷம் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை.

ஆகுபெயருக்கு யோசிக்கவே வேண்டாம்.
மைதீன்பிச்சை பாய்க்கு வருகிறவர் பேர் தெரியாது.
"ரெண்டு ஆதார் உக்காந்திருக்கு பாரு."
"சாதிச் சான்றிதழு, கொஞ்சம் தள்ளி நில்லும்."
பிறகு, குரலை இறக்கி,
"எம்மா, டெத் ஒண்ணு வந்திருக்கு."

வாழைக்கறை படிந்த காக்கிச் சட்டை.
பேர் பூலுடையார்.
அவர் சொல்லவில்லை,
கணவர் என்ற கட்டத்தில் இருந்தது.
பன்னிரண்டு நகல் கேட்டார்.
மூன்றாவது வெளியே வருகையில் விரல் வைத்தார்.
"தாயி, இங்கன ஒரு எழுத்து கொறையுதே."

பேராச்சி அதில் பேராசியாக இருந்தாள்.

"அடிச்சுச் சேத்திருங்க. கம்ப்யூட்டர்ல வராதா?"
வரும். புள்ளியோடு சேர்த்து இரண்டே தட்டு.
ஆனால் முத்திரை விழுந்த தாளில் நான் கை வைக்கக் கூடாது,
மாநகராட்சியில் மனுக் கொடுங்கள் என்றேன்.
"நாலு தடவ போயாச்சு. பழைய அட்டையிலயே
இப்பிடித்தான் இருக்காம், அவ இருந்தாதான் மாத்த முடியுமாம்."

சிக்கல் என்ற தலைப்பு திரையில் அப்படியே நின்றது.

சிலேடை: ஒரு தொடர் இருபொருள் படுவது.
எ-டு: அவளிடமிருந்து ஒரு மெய் போயிற்று.
அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

அவர் வெளியே நின்ற லோடு ஆட்டோவைக் காட்டினார்.
பின்பலகையில் மஞ்சள் பெயிண்டில்
'பேராச்சி துணை.'
"பாருங்க, பெயிண்டர் பயலுக்கே எழுத வருது.
பின்னால வாரவன்லாம் அம்மன்னு நெனச்சுக்
கன்னத்துல போட்டுக்கிடுதான்.
நான் இவளுக்குத்தான் எழுதுனேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
என் சிலேடையை எடுத்துவிட்டேன்.

உச்சம்: கதை அதற்குமேல் ஏற முடியாத இடம்.
அப்படி எதுவும் நடக்கவில்லை.
இருபத்துநாலு ரூபாயை எண்ணி வைத்தார்.
பன்னிரண்டு பேராசிகளையும் மடிக்காமல்
மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
ஆட்டோ கிளம்ப மூன்று உதை வேண்டியிருந்தது.

ஐந்தரைக்குச் சார் வந்து படித்தார்.
"சண்டை, நுங்கு எல்லாம் எதுக்கும்மா?
பரீட்சைக்கு வர்றதப் போடு."
போட்டேன்.
மதி போன்ற முகம். மலர் போன்ற பாதம்.
பின்னணி: ஒரு ஊர். ஒரு காலம்.

ஆறாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.
'கதைக்குள் நேரில் வராதவரும்
கதைமாந்தர் ஆகலாம். எ-டு: பேராச்சி.'
"இது நான் எழுதலையே. எந்தக் கதை?"
"சின்னக் கதை சார்."
"சிலபஸ்ல இருக்கா?"

அறுபதிலும் அந்த ச்சன்னாவுக்குப்
புள்ளி விழுந்திருக்கிறதா என்று
ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கி முடித்திருந்தேன்.

"ஸ்பைரல் போடவா சார்,
பின் அடிச்சாப் போதுமா?"