கூடுதல் அட்டை

ஹவுன்ஸ்லோவில் எங்கள் கூரைக்கு மேலால்
தொண்ணூறு விநாடிக்கு ஒன்று இறங்கும்,
சக்கரங்களை நீட்டி
வயிற்றைக் காட்டிக்கொண்டு.
தேநீர்க் கோப்பை லேசாக நடுங்கும்.
பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு
அது போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.

இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி.
இரண்டு அட்டைகள்
இரண்டு ஜன்னல்களில் திறந்து கிடக்கின்றன.
ஒன்று
செலவழிக்கும் பவுணுக்கு அரைப் பென்ஸ் திருப்பித் தரும்.
மற்றது
பவுணுக்கு ஒரு மைல் தரும், பறக்க.

"காசு தாறதை எடுங்கோ அம்மா" என்கிறாள் ஆரபி.
பதினேழு வயது, பொருளியல் படிக்கிறாள்.
"மைல் காலாவதியாகும். காசு காசுதான்."
வேலையிடத்து ஃபிலோமினாவோ
இரண்டு தரம் கோவாவுக்குச் சும்மா போய்வந்தாளாம்,
வரி மட்டும் கட்டி.
வரி எவ்வளவு என்று கேட்டேன்.
கையுறையை மாற்றப் போய்விட்டாள்.

கணக்குப் பார்த்தேன்.
அரிசி, மீன், பஸ், தொலைபேசி,
மாதம் அறுநூறு பவுண்.
காசென்றால் மூன்று பவுண் வரும்:
ஒரு பாண், ஒரு போத்தல் பால்.
மைலென்றால்
லிஸ்பனுக்குப் போக ஒரு வருடம் சாப்பிடவேண்டும்,
திரும்பி வர
இன்னொரு வருடம்.

எனக்கு வேலை விமானச் சாப்பாட்டுக் கிடங்கில்.
விடிய நாலரைக்குத் தட்டு அடுக்கத் தொடங்குவோம்.
ஒரு பன், ஒரு கரண்டி, ஒரு வெண்ணெய்.
முன்வரிசைக்கு வட்ட வெண்ணெய்,
பின்வரிசைக்குச் சதுரம்.
மாறிப்போனால் மேற்பார்வையாளர் கத்துவார்.

பத்தொன்பது வருடம்
என்னிடமும் ஓர் அட்டை இருந்தது,
அவருடைய கணக்கில், கூடுதல் அட்டை.
பால்மா, பள்ளிச் சப்பாத்து,
ஆரபியின் பல்லுக்குக் கம்பி,
பழுதான சலவை இயந்திரத்துக்குப் பதில் இன்னொன்று,
எல்லாம் அதில்தான் தேய்த்தேன்.
மைல்கள் பிரதான அட்டைக்காரருக்கே சேரும் என்று
இருபத்தாறாம் பக்கத்தில் இருந்ததாம்.
சட்டத்தரணி விரல் வைத்துக் காட்டினார்.
அந்த மைல்களில்
கருணைநாதன் சிங்கப்பூர் போய்வந்தார்.
யாரோடு என்பது இங்கே வேண்டாம்.
முன்வரிசையில் போனார்.
நான் அடுக்கிய தட்டாகவும் இருந்திருக்கலாம்.
வெண்ணெய் வட்டமாக இருந்திருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
பென்ஸ் பென்ஸாக அளந்துதான் போட்டேன்.
ஆறு யாருடையது என்று
கேட்கவில்லை.

ஆரபி மாடிக்குப் போனபின்
மைல் ஜன்னலைத் திரும்பவும் திறந்தேன்.
நீலக் கடல், வெள்ளைச் சுவர்,
தொப்பி போட்ட ஒருத்தி, முதுகு மட்டும்.
கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் திரும்பவில்லை.
மூடிவிட்டு
மூன்று பவுணை எடுத்தேன்.

உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை, என்றது திரை.
இத்தனை வருடம் வாங்கியவளுக்கு
வரலாறு இல்லையாம்.
ஆகவே ஐந்நூறு பவுண் வரைதான்.
அவருடையது பன்னிரண்டாயிரம்.
பரவாயில்லை, ஐந்நூறில் நான் நெடுந்தூரம் போவேன்.

அட்டையில் பதிக்கவேண்டிய பெயர்,
பத்தொன்பது எழுத்துக்குள்.
பழைய அட்டையில்
அவர் பெயர் முழுதாக நின்றது,
எனக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான்.
சிவலோஜினி என்று ஆங்கிலத்தில் தட்டினேன்.
ஒரு தரம் பிழைத்தது,
சொந்தப் பெயர்தான், கை பழகவில்லை.
இரண்டாம் தரம் சரி.
இடம் மிச்சமிருந்தது.

கடைசிக் கேள்வி:
கூடுதல் அட்டை வேறு யாருக்காவது வேண்டுமா?

எந்த அட்டை என்று யோசித்ததைவிட
இதற்கு அதிக நேரம் எடுத்தது.
ஆரபியை நினைத்தேன்.
பிறகு, அவளும் தன்னுடையதைத்
தானே எடுக்கட்டும் என்று நினைத்தேன்.
மேலே ஒன்று இறங்கியது.
அது போகும்வரை விரலை அசைக்கவில்லை.
போனதும்
இல்லை என்ற பெட்டியை அழுத்தினேன்.

"எடுத்தாச்சா?" என்றாள் மாடியிலிருந்து.
"ஓம்" என்றேன்.
அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.
அவளுக்குக் கேட்டிருக்காது.